பணிப்பெண்ணின் இரண்டு வரிகள்

குருத்து ஞாயிறன்று, பிடிபட்டுச் சிலுவையில் உயிர்விட்ட ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றைப் பல குரல்களாகப் பிரித்து வாசிப்பது வழக்கம். ஆண்டவரின் சொற்கள் குருவானவருக்கு. கதையைச் சொல்லிச் செல்ல உரையாளர் ஒருவர். சீடர்கள், காவலர்கள், ஆளுநர் என்று இடையில் பேசுகிறவர்களின் வரிகள் மற்றவர்களுக்கு. அவரைக் கொல்லச் சொல்லிக் கூட்டம் கத்தும் இடத்தைக் கோயிலில் இருக்கும் எல்லோரும் சேர்ந்து சொல்ல வேண்டும். அந்த இடம் வரும்போது அம்மா வாயை இறுக மூடிக்கொள்வாள். ஒருமுறை ஏனென்று கேட்டேன்.

"எல்லாரும் சொல்றாங்கன்னு நானும் சொல்லணுமா? நான் அப்ப அங்க இல்லடி."

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். அவர் சுவருக்கு பெயின்ட் அடிக்கிறார். அம்மா தில்லி ஜனக்புரியில் சில வீடுகளில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டில் படிக்கத் தெரிந்த ஆள் வருவதற்கு முன்பே ஒரு ஜெபப் புத்தகம் வந்துவிட்டது. சுவர்த் தட்டில் மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் பாலித்தீன் உறையோடு அது இருக்கும். இரவு ஜெபம் முடிந்ததும் அம்மா அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். திறக்க மாட்டாள். பள்ளியில் தமிழ் படிக்கத் தொடங்கியபின் அதை முதலில் திறந்தது நான்தான். எழுத்துக் கூட்டி ஒரு ஜெபத்தை வாசித்துக் காட்டினேன். அம்மா சொல்வதற்கும் புத்தகத்தில் இருப்பதற்கும் ஓரிடத்தில் வேறுபாடு இருந்தது. சொன்னேன்.

"புஸ்தகத்துல தப்பா போட்டிருப்பாங்க" என்றாள்.

எனக்கு நம்பிக்கையும் வாசிப்பும் அந்த ஒரே தட்டிலிருந்து வந்தவை. கண்ணை மூடிக்கொண்டு என்னால் ஜெபிக்க முடிவதில்லை. முன்னால் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டும். மறையுரை நீண்டால் அடுத்த வாரத்து வாசகங்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன். பாவசங்கீர்த்தனத்தில் இதை நான் சொன்னதில்லை. பாவம் என்று தோன்றினால்தானே சொல்வதற்கு.

இப்போது ஒரு தனியார் பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். ஞாயிறு மாலை எங்கள் கோயிலில் தமிழ்ப் பூசை உண்டு. காலைப் பூசைகள் ஹிந்தியிலும் ஆங்கிலத்திலும் நடக்கும். தமிழ்ப் பூசைக்கு வரும் இளையவர்களில் பலர் தில்லியில் பிறந்தவர்கள். வாசகம் தந்தால் அதை ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு வாசிப்பார்கள். நான் அப்படி இல்லை. பழைய ஏற்பாட்டின் நீண்ட பெயர்களிலும் தடுமாற மாட்டேன். ஆகவே அந்த ஆண்டு உரையாளர் பகுதியை எனக்குத் தரும்படி கேட்டேன்.

வாசகர்களுக்குப் பொறுப்பானவர் மத்திய அரசில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் எல்லோரும் அங்கிள் என்போம். பல ஆண்டுகளாக உரையாளர் அவர்தான். அவர் வீட்டில் அம்மா கொஞ்ச காலம் பாத்திரம் தேய்த்திருக்கிறாள்.

"அச்சா, நல்ல ஆசைதான். ஆனா ரொம்ப நீளம்மா, தொண்டை தாங்காது" என்றார்.

"தினமும் அஞ்சு பீரியட் கத்துறேன், அங்கிள்."

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "இந்த வருஷம் நானே பண்ணிடறேன். உனக்குப் பணிப்பெண் தரேன். அதுல வாயைத் திறக்கிற பொம்பளை அவ ஒருத்திதான்."

அருகிலிருந்த அவருடைய மனைவி, "பொருத்தமா அமைஞ்சிருச்சு" என்றார். என்ன பொருத்தம் என்று நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நின்றது.

"வேலைக்காரியா?"

"தலைமைக் குரு வீட்டு வேலைக்காரி."

"எந்த வூட்டு வேலைக்காரியா இருந்தா இன்னா? நான் கை தேயத் தேய பாத்திரம் கழுவுனது, நீ மைக்ல போய் வேலைக்காரின்னு நிக்கவா? என் பொண்ணுதான் முழுக் கதையும் படிக்கப் போறான்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். வேலை பாக்குற வூட்டு மேடம்கிட்டயும் சொல்லிட்டேன்."

"யார் உன்னைச் சொல்லச் சொன்னது?"

"வேணாம்னு சொல்லிடு. இல்லைன்னா அன்னிக்கு நான் காலையில ஹிந்திப் பூசைக்குப் போயிடுவேன்."

அப்பா குறுக்கே வந்தார். "ஹிந்திப் பூசையில உனக்கு இன்னா புரியும்?"

"சேவல் கூவுறது எல்லா பாஷையிலயும் ஒண்ணுதான்."

என் குரல் கோயிலில் ஒலிப்பதைக் கேட்கத்தான் அம்மா ஞாயிறு மாலைகளில் மற்ற வேலைகளை ஒதுக்குகிறாள் என்பது எனக்குத் தெரியும். அவள் இல்லாத கோயிலில் நான் இதுவரை வாசித்ததில்லை.

பணிப்பெண்ணின் வரிகள் வரும் பக்கத்தின் நகல் ஒன்றை மெட்ரோவில் தினமும் வாசித்தேன். மறுப்பதற்குக் காரணம் தேடித்தான் தொடங்கினேன். அந்த ஆண்டுக்குரிய நற்செய்தியில் அந்தப் பெண் இரண்டு முறை பேசுகிறாள். குளிர்ந்த இரவு, தலைமைக் குரு வீட்டு முற்றத்தில் நெருப்பு, சேவல் கூவுமுன் தன்னைத் தெரியாது என்பார் என்று ஆண்டவர் சொல்லியிருந்த சீடர் அதில் குளிர்காய்கிறார். அவரை உற்றுப் பார்த்து, இவரும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்கிறாள். அவர் மறுக்கிறார். அவள் விடுவதில்லை, சுற்றி நிற்பவர்களிடமும் சொல்கிறாள். உள்ளே பொய்ச்சாட்சிகளை வைத்து ஆண்டவர்மேல் விசாரணை நடக்கிறது. வெளியே ஒருத்தி தான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறாள். அதற்குப் பின் அவள் என்ன ஆனாள் என்று யாரும் எழுதவில்லை. வகுப்பில் இப்படி எழுதப்படாமல் போனவர்களைப் பற்றித்தான் நான் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுப்பது எளிது. மறுத்தால் அந்த வரிகள் வேறொருத்திக்குப் போகும். அவள் அவற்றை ஹிந்தி எழுத்தில் எழுதி வைத்துக்கொள்வாள். அது எனக்குப் பிடிக்கவில்லை.

ஒத்திகையில் என் வரியை வாசித்ததும் அங்கிள் கையை உயர்த்தினார்.

"இன்னும் கொஞ்சம் வம்பு பேசுற மாதிரி இருக்கணும்மா. வேலைக்காரிதானே, குரலை ஏத்தி, கையை ஆட்டி..."

"அவ வம்பு பேசலை, அங்கிள். பார்த்ததைச் சொல்றா."

"கேக்கிறவங்களுக்கு ருசிக்கணும்ல?"

"பொய் சொல்றவர் அந்தச் சீடர். ஏத்தணும்னா அவர் குரலைத்தான் ஏத்தணும்."

சீடரின் வரிகளை வைத்திருந்த வங்கி ஊழியர் தன் தாளைப் பார்த்துக்கொண்டார். அங்கிள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார். "சரிம்மா, டீச்சர் சொன்னா அப்பீல் ஏது? அடுத்தது."

குருத்து ஞாயிறு காலையில் ஹிந்திப் பூசைக்கு மணி அடித்தபோது அம்மா வாளியில் துணி ஊறவைத்துக்கொண்டிருந்தாள். மணி நின்ற பிறகும் துவைத்தாள். மாலையில் விசேஷங்களுக்கு மட்டும் கட்டும் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, "ஜல்தி கெளம்பு" என்றாள்.

கோயிலில் அம்மா எப்போதும் கடைசி வரிசையில்தான் உட்காருவாள். அன்று அதைத் தாண்டி நடந்து, அங்கிளின் மனைவிக்கு நேர் பின்னால் போய் உட்கார்ந்தாள். கையில் நுனி காய்ந்த குருத்தோலை.

முதல் வரியைத் தாளைப் பார்த்து வாசித்தேன். சீடர் மறுத்தார். இரண்டாவது வரியைச் சுற்றி நிற்பவர்களிடம் சொல்ல வேண்டும். தாளிலிருந்து கண்ணை எடுத்து, கோயிலில் இருந்தவர்களைப் பார்த்து, குரலை உயர்த்தாமல் சொன்னேன். முன் வரிசையில் சிலர் சீடரின் வரிகளை வாசிப்பவர் பக்கம் திரும்பினார்கள். அம்மாவும் திரும்பினாள். பிறகு கூட்டம் கத்தும் இடம் வந்தது. அவள் உதடுகள் வழக்கம்போல் மூடியே இருந்தன.

பேட்டரி ரிக்‌ஷாவில் வீடு திரும்பும்போது அம்மா கேட்டாள்.

"அந்தாளு மறுபடியும் தெரியாதுன்னானே, அப்புறம் நீ ஏன் சும்மா நின்ன?"

"அதோட அவளுக்கு வரி முடிஞ்சிருச்சும்மா."

"இன்னொரு தடவை கேட்டிருக்கணும். மாட்டியிருப்பான்."

மறுநாள் காலை குழாயடியில் பக்கத்து வீட்டு அக்கா விசாரிப்பது உள்ளே கேட்டது. "இன்னாக்கா, ஒம் பொண்ணு கதை பூரா படிச்சுச்சா?"

"கதையை அந்த அங்கிளு படிச்சாரு" என்றாள் அம்மா. "எம் பொண்ணுக்கு ரெண்டே வரி. வேலைக்காரி."

நிறைந்த வாளியை நகர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது.

"ஆனா, அங்க இருந்ததுல உண்மையைச் சொன்ன ஆளு அவதான்" என்றாள். பிறகு மேடத்துக்கும் இதைச் சொல்ல வேண்டுமென்று, உண்மைக்கு ஹிந்தியில் என்ன என்று ஜன்னல் வழியாக என்னைக் கேட்டாள்.