பகலில் தொங்கிய போர்வை

எங்கள் சுரங்கத்து வரிசைக் குவார்ட்டர்ஸில் பகல் வேளையில் ஒரு வீட்டு ஜன்னலில் போர்வை தொங்கினால், நைட் ஷிஃப்ட் முடித்த ஆள் உள்ளே தூங்குகிறார் என்று அர்த்தம். அந்தப் போர்வைக்கு இருந்த மரியாதை கோயிலுக்குக்கூடக் கிடையாது. பிள்ளைகள் கிட்டிப்புள்ளைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள். குழாயடிச் சண்டைகூடக் கிசுகிசுப்பாகத்தான் நடக்கும்.

நான் அப்போது ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன், கல்லூரிக்குப் போகாமல், வீட்டிலிருந்தே. முதல் தடவை கோட்டை விட்டாயிற்று. கவிதையும் நாடகமும் எப்படியோ தேறின. கட்டுரைத் தாள்தான் காலை வாரியது. மூன்று மணி நேரம் ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். நானோ வீட்டில் இரண்டு பத்தி எழுதுவதற்குள் நாலு பேர் கதவைத் தட்டுவார்கள். "இந்த ஒரு தடவைதான். அப்புறம் மூட்டை கட்டி வச்சிடணும்" என்று என் கணவர் சொல்லிவிட்டார். அவர் கெட்டவர் இல்லை, அலுத்துப் போயிருந்தார். எனக்கு அலுக்கவில்லை.

ஒரு நாள் அதிகாலை அவர் முதல் ஷிஃப்டுக்குச் சுரங்கத்துக்குக் கிளம்பியதும் ஜன்னலில் போர்வையை மாட்டினேன். தெரு அடங்கியது. அப்பாடா என்று பேனாவைத் திறந்தேன். தப்பு என்று அன்றும் தோன்றவில்லை, இன்றும் தோன்றவில்லை.

சில நாள் ஓடின. பிறகு ஒரு மதியம் வாசலில் பேச்சுச் சத்தம். கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டு அக்கா இடுப்பில் கை வைத்து நிற்கிறார். நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்துவிட்டுக் குவார்ட்டர்ஸுக்கு வந்த குடும்பம் அவருடையது. யாருக்கும் பயப்பட மாட்டார். அவருக்குப் பின்னால் பாதி வரிசையே நின்றது. தெருமுனையில் என் கணவர் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்.

"உன் வூட்டுக்காரரு அதோ வந்துகினு இருக்காரு. அப்ப உள்ள தூங்கறது யாரும்மா?"

முகம் கொதித்தது. "யாரும் தூங்கலைக்கா. நான்தான் பரீட்சைக்கு எழுதிப் பழகிக்கிட்டு இருக்கேன்."

"நீ எழுதறதுக்கா எம்புள்ளைங்கள வெயில்ல தொரத்திகினு இருந்தேன்?"

"ஆமாக்கா. பரீட்சை முடியற வரைக்கும் தினமும் மாட்டுவேன்."

கணவர் சைக்கிளை நிறுத்தி, எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு நடந்தார்.

மறுநாள் எல்லோரும் பார்க்கப் போர்வையை மாட்டினேன். இனி எனக்காக யார் வாயை மூடப்போகிறார்கள்? கத்தினால் கத்தட்டும், எழுதுவதை நிறுத்துவதில்லை என்று உட்கார்ந்தேன். முதல் பக்கம் முடிவதற்குள் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறவர் குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். அதற்கு மேல் அக்காவின் குரல் உயர்ந்தது. சரி, ஆரம்பித்துவிட்டார் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"யோவ், இங்க நின்னு எதுக்குய்யா கூவற? அந்தாண்ட போ. உள்ள ஆளு டூட்டியில இருக்குது."