மாசிப் பௌர்ணமிக்கு வடதுருவ ஒளி

டிராவல்ஸ் கடைக்கு யாரும் ஊர் பார்க்கும் ஆசையில் வருவதில்லை. சொந்தக்காரன் பார்த்துவிட்ட ஊரைத் தானும் பார்த்தாக வேண்டும் என்ற எரிச்சலில்தான் வருகிறார்கள். இதே தொழிலில் கிடந்து வேகிறவர்கள் ஒருமுறை தலையாட்டிவிட்டு மேலே படிக்கலாம்.

நான் ஐரோப்பாவின் வடகோடியில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் பல வருடம் உட்கார்ந்துவிட்டுச் செங்கல்பட்டுக்குத் திரும்பியவன். நாட்டின் பெயர் வேண்டாம். இன்னும் அவர்களிடம்தான் விசா கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. இரவு வானத்தில் வடதுருவ ஒளி வந்தால் அறை அறையாக போன் போட்டு விருந்தினர்களைக் கிளப்பிவிடுவது அங்கே என் வேலைகளில் ஒன்று. அவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். நான் அடுத்த அறைக்கு போன் போடுவேன். ஊருக்கு வந்து டிராவல்ஸ் கடை போட்டு எத்தனையோ பேரை வேனில் ஏற்றி அனுப்பியாயிற்று. ஒரே ஒரு முறைதான் அந்த ஒளிக்கு ஆள் திரட்டினேன். அந்தக் கதைதான் இது.

சகலையின் ஸ்டேட்டஸ்

மாதாமாதம் பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போகிற கூட்டம் ஒன்று என் நிரந்தர வாடிக்கை. தலைவர் சேகர். மனை விற்கிறார். செய்யூர்ப் பக்கம் சவுக்குத் தோப்பாக இருந்ததெல்லாம் இன்று அவர் புண்ணியத்தில் கல் நட்ட பிளாட்டுகள். ஒரு நாள் கடைக்குள் வந்தவர் உட்காரவே இல்லை. போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். அவருடைய சகலை பின்லாந்தில் பச்சை வானத்துக்குக் கீழே கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

அது என்ன, ஏன் வருகிறது, எல்லா நாளும் வருமா என்று ஒரு கேள்வி இல்லை. சகலை போனது எந்த ஊர், அதைவிட வடக்கே ஊர் உண்டா என்று மட்டும் விசாரித்தார். உண்டு என்றேன். அப்போதுதான் நாற்காலியை இழுத்துப் போட்டார். “அவன் பச்சைய காட்டிட்டான் அண்ணாத்த. நம்ம அதுக்கு மேல ஒரு கலராவது காட்டணும்.”

பார்க்க மட்டும்

அந்த வாரமே சதுரங்கப்பட்டினத்திலிருந்து வசந்தா அக்கா பஸ் ஏறி வந்தார். எங்கள் வேன் ஓட்டும் பாஷா பாய் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். கண்ணில் நீர் அழுத்தம். பார்வை ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சுருங்கிக்கொண்டே வருகிறது. நடுவில் மிச்சமிருப்பது எத்தனை நாளைக்கு என்று டாக்டருக்கே தெரியவில்லை. பார்க்க ஆசைப்படுவது ஏதாவது இருந்தால் தள்ளிப்போடாதீர்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார்.

காசி, காஷ்மீர் என்று நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். அக்கா காத்திருந்து, நான் முடித்த பிறகு சொன்னார். “வேல பாத்த காலம் பூரா கரண்டு தயார் பண்ற எடத்துல தம்பி. ஊருக்கெல்லாம் உபயோகப்பட்டுச்சு. உபயோகமே இல்லாம, சும்மா பாக்க மட்டும் ஒரு வெளிச்சம் கீதாமே, அது வேணும் எனக்கு.”

யாருக்கு எந்த நாள்

வடதுருவ ஒளிக்கு எதிரி இரண்டு: ஒன்று மேகம், இன்னொன்று நிலா. மேகத்தை நாம் ஒன்றும் செய்ய முடியாது. நிலாவைப் பஞ்சாங்கத்தில் பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம். அதனால் வசந்தா அக்காவையும் சேகர் கூட்டத்தோடு சேர்த்து, அமாவாசையை ஒட்டித் தேதி போட்டேன். கிரிவலக் கூட்டம் கொதித்துவிட்டது. அமாவாசையன்று கடற்கரையில் அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் விட வேண்டும், அந்த நேரத்தில் எவனாவது கடல் தாண்டுவானா? தவிர, ஒளியைத் தரிசிப்பது என்றால் அது பௌர்ணமிதான். இத்தனை வருடமும் பௌர்ணமிக்குத்தானே போகிறோம்?

முழு நிலா வெளிச்சத்தில் அந்த ஒளி வெளிறிப்போகும் என்று வேனுக்குள் நின்றுகொண்டு முக்கால் மணி நேரம் விளக்கினேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். அப்புறம் கை தூக்கினார்கள். மாசிப் பௌர்ணமி. கை தூக்காதது வசந்தா அக்கா மட்டும். கூட்டம் கலைந்தால் பயணமே இல்லை. தனி ஆளுக்கு அங்கே வண்டியும் வழிகாட்டியும் அமர்த்துவது அக்காவுக்குக் கட்டுப்படியாகாது. வெளிறிய ஒளியாவது கிடைக்கட்டும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். சேகர் என் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். “அமாவாச செத்தவங்களுக்கு, பௌர்ணமி இருக்கறவங்களுக்கு. நம்ம இருக்கறவங்கதான அண்ணாத்த?”

வடக்கே சூலம்

தேதி முடிவானதும் கிழமை. செவ்வாய்க்கிழமை டிக்கெட் சல்லிசாக இருந்தது. செவ்வாய் வடக்கே சூலம், வடதுருவத்துக்கே போகிறவர்கள் செவ்வாயில் கிளம்பலாமா என்று சேகரின் மனைவி கேட்டார். பால் குடித்துவிட்டுக் கிளம்பினால் தோஷமில்லை என்றேன். பக்கத்துத் தெருவுக்குப் போனால் பால் போதும், இவ்வளவு தூரத்துக்குப் பால் தாங்காது என்று பதில் வந்தது. கடைசியில் வியாழக்கிழமை, கூடுதல் விலையில்.

வெளியே வண்டி துடைத்துக்கொண்டிருந்த பாஷா பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார். அவர்கள் போன பிறகு துணியை உதறிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். “செங்கல்பட்டுலேர்ந்து ஏர்போர்ட்டே வடக்கதான் சார் கீது. எத்தினி செவ்வாக்கிழம இவங்கள ஏத்திகினு போயிருக்கேன், அப்பல்லாம் சூலம் லீவுல இருந்துச்சா?”

ஐஸ் கம்பெனியில் ஒத்திகை

குளிர் என்றால் எங்கள் பக்கத்து மக்களுக்கு மார்கழி மாதம் விடிகாலை, அவ்வளவுதான். இரவல் கோட்டுகள் வந்து சேர்ந்ததும் ஒத்திகை பார்க்க வேண்டும் என்றார்கள். மாமல்லபுரம் தாண்டி ஒரு ஐஸ் கம்பெனி. படகுகளுக்கு ஐஸ் கட்டி கொடுப்பது, மீனைப் பெட்டி பெட்டியாகக் குளிர் அறையில் அடுக்குவது அங்கே தொழில். முதலாளி பாஷா பாய்க்கு உறவு. மூன்று மூன்று பேராகக் கோட்டுடன் உள்ளே போனார்கள். சேகர் வேகமாக உள்ளே போனார். வெளியே வந்தது அதைவிட வேகம். வந்ததும் பயணத்தில் ஒரு நாளைக் குறைக்க முடியுமா என்று தனியாகக் கேட்டார்.

வசந்தா அக்கா மட்டும் உள்ளேயே இருந்தார். கதவைத் திறந்து பார்த்தேன். மஞ்சள் பல்புக்குக் கீழே, வஞ்சிர மீன் பெட்டிகளுக்கு நடுவில், தலையை அண்ணாந்து நின்றுகொண்டிருந்தார். கழுத்து எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்கிறாராம். ஓரப் பார்வை இல்லாததால் வானத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேட வேண்டும், அதற்குக் கழுத்து பழக வேண்டும் என்றார். நான் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். முதலாளி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். “மீனு செத்தப்புறம்தான் இங்க வருது. மனுஷன் உயிரோட வந்து க்யூவுல நிக்கறான்.”

திரும்பி வரக் காரணம்

எல்லோருக்கும் விசா வந்தது. சேகருக்கு மனைகள், மற்றவர்களுக்குக் கடை, வேலை, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். வசந்தா அக்காவுக்கு மட்டும் இல்லை. அவர் சொந்த நாட்டுக்குத் திரும்புவார் என்பதில் சந்தேகம் இருக்கிறதாம். கணவன் இல்லை, பிள்ளை இல்லை, வேலையும் முடிந்துவிட்டது. அவர்கள் கணக்கில், திரும்பி வருவதற்குக் காரணமே இல்லாத பெண்.

அந்த வாசகத்தை நான் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு மொழியில் படித்ததற்கு இப்படியும் ஒரு பலன். நான் இங்கே திரும்பி வந்தபோது ஊரே என்னிடம் காரணம் கேட்டது. என்ன சொன்னாலும் யாருக்கும் போதவில்லை. போகவும் காரணம், வரவும் காரணம். சும்மா போய்ச் சும்மா வர மனிதனுக்கு எங்கேயும் அனுமதி கிடையாது. மறுபடி மனுப் போட்டுப் பதில் வருவதற்குள் அங்கே இருட்டும் பருவம் முடிந்துவிடும். அடுத்த பருவத்துக்குள் அக்காவின் கண்? கடைப் படியில் இறங்கும்போது கம்பியைத் தடவிப் பிடித்துக்கொண்டு திரும்பினார். “கடல் பக்கத்துல சொந்த வூடு, வாசல்ல சங்கரா மீனு. இத்த வுட்டுட்டு அங்க பனியில குந்திகினு இருப்பேன்னு அவங்களுக்கு இன்னா தம்பி அவ்ளோ நம்பிக்க?”

போன்தான் சரி

போனோம். கூட்டத்தை அழைத்துப் போகிறவன் நான்தானே. மேகம் கலைந்தது இரண்டாம் நாள் ராத்திரி, சாப்பாட்டு நேரத்தில். பனி மேல் மாசி நிலா விழுந்து, பேப்பர் படிக்கலாம் போல வெளிச்சம். வடக்கே, மலைக்கு மேல், யாரோ ஊதிவிட்ட சாம்பிராணிப் புகை மாதிரி ஒரு வெளுப்பு. அதுதான் ஒளி என்றேன். யாரும் நம்பவில்லை. பிறகு போனைத் தூக்கினார்கள். போனுக்குள் அது பச்சையாக இருந்தது. மடமடவென்று குடும்பம் குடும்பமாக வானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். கட்டை விரல்கள் உயர்ந்தன. சாம்பார் சாதம் ஆறிவிடும் என்று சேகரின் மனைவி எல்லோரையும் உள்ளே கூப்பிட்டார்.

நான் மட்டும் கொஞ்ச நேரம் நின்றேன். இந்த முறை யாருக்கும் போன் போட வேண்டிய வேலை இல்லை. போட வேண்டிய ஒருவரின் எண் கையில்தான் இருந்தது. ஊரில் அப்போது நள்ளிரவு தாண்டி எல்லோரும் தூங்கியிருப்பார்கள். சேகர் பக்கத்தில் வந்து வானத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார். “கண்ணுக்கு வெள்ளையா தெரியுது, போன்ல பச்சையா கீது. நம்ம கண்ணுலதான் இன்னாவோ கோளாறு அண்ணாத்த, போன் தப்பு சொல்லாது.”

சதுரங்கப்பட்டினத்தில்

நாங்கள் ஊர் வந்து சேர்வதற்கு முன்பே படங்கள் வந்து சேர்ந்திருந்தன. பாஷா பாய் அக்காவிடம் காட்டியிருக்கிறார். நான் போனபோது அக்கா வாசலில் இருந்தார். பக்கவாட்டில் நின்ற என்னைக் கண்டுபிடிக்க முகத்தை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது. போன மாதம் பாதி திருப்பினாலே போதுமாக இருந்தது. அவ்வளவு பச்சையாகவா இருந்தது என்று கேட்டார்.

அற்புதமாக இருந்தது, அடுத்த முறை நீங்கள் கட்டாயம் பார்ப்பீர்கள். தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்த பதில் அது. ஓட்டலிலும் அதைத்தான் சொல்வேன், கடையிலும் அதைத்தான் சொல்கிறேன். அன்றைக்கு என்னவோ வாய் வரவில்லை. நிலா இருந்ததையும், சாம்பிராணிப் புகையையும், பச்சை நிறம் போன் போட்ட சாயம் என்பதையும், எல்லோரும் முதுகைக் காட்டி நின்றதையும் அப்படியே சொன்னேன். அக்கா கடல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்புறம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான் என்று கொஞ்சம் பொறுத்துத்தான் புரிந்தது. “அப்ப அவங்களும் பாக்கல. மனசு ஆறுச்சு தம்பி. கெட்ட புத்திதான், ஆனா ஆறுச்சு.”

வாடிக்கையாளரைத் திருப்திப்படுத்துவதுதான் இந்தத் தொழில் என்றால், அந்தப் பயணத்தில் நான் முழுத் திருப்தியோடு அனுப்பிவைத்தது, போகாத ஒருவரை மட்டும்தான்.