முதுகில் பொட்டு வைத்த ராணி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு கொள்கை உண்டு: எதையும் திறந்து பார்க்காமல் நம்பக் கூடாது. தொழிலில் அந்தக் கொள்கை அவருக்குச் சோறு போட்டது. மொட்டை மாடியில் தேனீப் பெட்டி வைத்த பிறகு, அதே கொள்கை அவரைப் பாடாய்ப் படுத்தியது.

பெட்டி வைத்தது பொழுது போகத்தான். தண்ணீர்த் தொட்டிக்கும் துணி காயப்போடும் கம்பிக்கும் நடுவில் ஒரு ஸ்டாண்ட், எறும்பு ஏறாமல் இருக்க அதன் நான்கு கால்களுக்கும் தண்ணீர்க் கிண்ணம், மேலே பெட்டி. ஞாயிறு காலை சாப்பாடு முடிந்ததும் வலைத்தொப்பியும் புகை டப்பாவுமாக மேலே ஏறிவிடுவார். வாரம் ஒருமுறை பார்த்தால் தாராளம் என்று தேனீ வளர்க்கும் எல்லோருமே சொல்வார்கள். இவர் ஞாயிற்றுக்கிழமை முறைப்படியும், மற்ற நாள்களில் சும்மா மூடியை மட்டும் தூக்கியும் பார்ப்பார்.

"ஏங்க, நம்ம வீட்டு மேற்கூரையை ஒருத்தன் தினம் தூக்கி எட்டிப் பாத்தா உங்களுக்கு எப்படி இருக்கும்?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள்.

"எங்கயாச்சும் ஒழுகுதான்னு அவன்கிட்டயே கேட்டுக்கலாம்" என்றார் அவர். அந்த அம்மாள் மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். இப்படிப்பட்டவர்களைத் தினமும் பார்த்துப் பழகியவள்.

ராணித் தேனீயைக் கூட்டத்தில் சட்டென்று கண்டுபிடிப்பதற்காக அதன் முதுகில் ஒரு பொட்டு வைத்திருந்தார். வைத்தது மனைவியின் நெயில் பாலிஷ். கத்தரிப்பூ நிறம். கதவில் விரல் நசுங்கின மாதிரி இருக்கிறது என்று அவளே ஒதுக்கிவைத்த பாட்டில் அது. அந்த நிறத்தை விலை கொடுத்து வாங்கும் இன்னொரு பெண் இருக்க வாய்ப்பில்லை.

அந்த மாதம் தெருவில் இருந்த மரமெல்லாம் பூத்துத் தள்ளியது. பெட்டியில் கூட்டம் நெரிந்தது. இப்படி நெரிந்தால் பழைய ராணி பாதிப் பேரைக் கூட்டிக்கொண்டு வேறு இடம் பார்த்துப் போய்விடும். மிச்சம் இருப்பவர்களுக்குப் புது ராணி வேண்டுமே, அதற்காகத் தேனடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை மாதிரி நீளநீளமாக அறைகள் தொங்கும். ஒரு ஞாயிறு காலை பெட்டியைத் திறந்தவர் அந்த அறைகளைப் பார்த்தார். "ஓடவா பாக்கறீங்க?" என்று கத்தியை எடுத்து ஒன்று விடாமல் வெட்டிப் போட்டார். கீழே இறங்கி வரும்போது விசில் வேறு.

அறையை வெட்டும் முன் ராணி உள்ளே இருக்கிறதா, ராணி கண்ணில் படாவிட்டால் புது முட்டையாவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தினம் மூடியைத் தூக்கிப் பார்த்த மனிதர் பார்க்க வேண்டிய அந்த ஒன்றை மட்டும் பார்க்கவில்லை. முந்தின நாள் அவர் எட்டாவது மாடியில் சிக்கிய லிஃப்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ராணி பாதிக் குடித்தனத்தோடு கிளம்பிப் போயிருந்தது.

அந்த ஞாயிறு சாயங்காலம் மச்சானிடமிருந்து போன். மனைவியின் அண்ணன், நாலு தெரு தள்ளி டிரைவிங் ஸ்கூல் நடத்தியவர். பாதி ஊருக்கு அவர்தான் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். கண்ணில் அழுத்தம் கூடிப் பக்கப் பார்வை போனதும், இனி வண்டியைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதிலிருந்து கார் வாசலில் நின்றது. அதன் பக்கத்தில் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாரிடமும் அதிகம் பேசுவதில்லை.

"மாப்ள, என் வண்டி மேல நேத்துலேர்ந்து ஒரு கூட்டம் தொங்குது. உன் ஆளுங்களா பாரு."

போய்ப் பார்த்தால், காரின் கூரையில் சிவப்பில் 'எல்' எழுதிய பலகையில் ஒரு கூடை அளவுக்குத் தேனீக்கள் அப்பிக்கொண்டிருந்தன. பொழுது சாய்ந்து இருட்டத் தொடங்கியிருந்தது.

"என்னோடது இல்ல மச்சான். என்கிட்டேர்ந்து ஒண்ணு ஓட முடியாது. இன்னிக்குக் காலைலதான் ராணி அறையெல்லாம் வெட்டினேன். பராமரிக்கத் தெரியாதவன் எவனோ விட்டிருப்பான்."

சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். நம் ஆளுக்கு வாய் சும்மா இருக்காது. பரணில் கிடந்த பழைய பெட்டியைக் கொண்டுவந்து, கூட்டத்தை அதில் தட்டி இறக்கி, "இந்தாங்க, நீங்களே வளர்த்துக்கோங்க" என்று தாராளமாகக் கொடுத்துவிட்டு, தேனீ வளர்ப்பில் கவனம் எவ்வளவு முக்கியம் என்று வெகுநேரம் விளக்கினார். மச்சான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தன் ராணியைத் தன் கையாலேயே தானம் செய்துவிட்டு மனிதர் வீடு திரும்பி நிம்மதியாகத் தூங்கினார்.

அடுத்த ஞாயிறு மறுபடி நாலைந்து ராணி அறைகள். "இன்னுமா புத்தி வரல?" என்று அவற்றையும் வெட்டினார். ராணியில்லாத கூட்டம், மிச்சமிருந்த இளம்புழுக்களை வைத்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு செய்த கடைசி முயற்சி அது.

பிறகு பெட்டியின் சத்தம் மாறியது. வழக்கமான ரீங்காரம் போய், காய்ச்சல்காரரின் முனகல் மாதிரி ஒன்று. வெயில் தோள் வழியாக அறைக்குள் விழும்படி, அடை கட்டிய மரச் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். ஒரு முட்டை இல்லை. புழு இல்லை. பொட்டு வைத்த முதுகும் இல்லை. ராணி விற்கும் பண்ணைக்காரர் அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அதுவரை கூட்டம் தாங்காது. இருக்கும் ஈக்கள் கிழடு தட்டி உதிர்ந்துகொண்டே வரும், பிறகு வெறும் பெட்டிதான்.

ஒரே வழி, வேறொரு நல்ல கூட்டிலிருந்து முட்டையுள்ள ஒரு சட்டத்தை எடுத்து இதற்குள் வைப்பது. வைத்தால் அந்த முட்டைகளிலிருந்து தங்களுக்கு ஒரு ராணியை அவையே வளர்த்துக்கொள்ளும். நல்ல கூடு அவருக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது.

"போய்க் கேளுங்க. எங்கண்ணன் என்ன கடிச்சா திங்கும்?" என்றாள் மனைவி.

மூன்று நாள் மென்று முழுங்கிவிட்டுப் போனார். மச்சான் வாயெல்லாம் பல்லாக வரவேற்றார். தேனீக்கள் எந்தத் திசையில் போகின்றன, எப்போது திரும்புகின்றன, வாசலில் எப்படி நெருக்கியடிக்கின்றன என்று மூச்சுவிடாமல் பேசினார். "லேன் ஒழுக்கம் கிடையாது மாப்ள, ஆனா ஒரு ஆக்சிடென்ட் இல்ல!" இவ்வளவு பேச்சை அவரிடம் கேட்டு எத்தனையோ காலமாயிற்று.

பெட்டியைத் திறந்தார்கள். நடுச் சட்டத்தைத் தூக்கினால் அறைக்கு ஒன்றாக, நூல் துணுக்கு மாதிரி முட்டைகள். அவற்றின் நடுவில் சாவகாசமாக நடந்துகொண்டிருந்தது ராணி. முதுகில் கத்தரிப்பூ நிறப் பொட்டு.

லிஃப்ட்காரர் பொட்டை இன்னொரு தடவை உற்றுப் பார்த்தார். சட்டத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் ராணியும் கூடவே வந்துவிடும். அவருடைய பொருள்தான். யாரும் தப்பு சொல்ல முடியாது.

மச்சான் முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தார். பக்கத்தில் இருப்பதுதான் அவருக்குத் தெரியாது, நேரே இருப்பது நன்றாகவே தெரியும்.

"ஏன் மாப்ள, எல்லா ராணிக்கும் முதுகுல இப்படி ஒண்ணு இருக்குமா?"

இருக்கும் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. வாய்வரைக்கும் வந்துவிட்டது.

"அது உங்க தங்கச்சியோட நெயில் பாலிஷ் மச்சான்."

மச்சான் சட்டத்திலிருந்து முகத்தை எடுத்தார். "அப்ப அன்னிக்குச் சொன்னியே, பராமரிக்கத் தெரியாதவன் எவனோன்னு..."

"நான்தான்."

"சரி." அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் அணைந்தது. "எடுத்துட்டுப் போறியா?"

உரக்கக்கூடக் கேட்கவில்லை. டாக்டர் கார் சாவியைக் கீழே வைக்கச் சொன்னபோதும் இந்தக் குரலில்தான் சரி என்றிருப்பார். தன் பெட்டி பிழைக்க வேண்டும் என்கிற ஆசை லிஃப்ட்காரருக்குக் கொஞ்சமும் குறையவில்லை. இருந்தாலும் விரலால் மெதுவாக ராணியைத் தள்ளி, பெட்டிக்குள் பத்திரமாக இறக்கிவிட்டார்.

"அது இங்கேயே இருக்கட்டும் மச்சான். எனக்கு முட்டை போதும்."

முட்டைச் சட்டம் வைத்தாகிவிட்டது. இனி புது ராணி பிறந்து, வெளியே பறந்து வந்து, முட்டையிடும் வரை பெட்டியைத் தொடவே கூடாது. ஒருநாள் அவசரப்பட்டால் எல்லாம் பாழ். லிஃப்ட்காரரின் கை எப்படிப்பட்டது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆகவே தினமும் சாயங்காலம் மச்சான் சுவரைப் பிடித்துக்கொண்டு மாடி ஏறி வந்தார். பெட்டிக்கும் தங்கை புருஷனுக்கும் நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாற்காலியை மனைவிதான் மேலே கொண்டுவந்து போட்டிருந்தாள்.

"சும்மா மூடியை மட்டும்..." என்று இவர் எழுந்தால், "பிரேக்!" என்பார் அவர். அத்தனை வருஷம் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து சொல்லிப் பழகிய குரல். இவர் கால் தானாக நிற்கும்.

ஒருவழியாகத் திறக்க அனுமதி கிடைத்த நாளில் முனகல் நின்றிருந்தது. சட்டத்தைத் தூக்கிப் பிடித்தார். அறைகளின் அடியில் முட்டைகள். வாய்விட்டுச் சிரித்தவர், கண்ணைத் துடைக்கப் போய் வலையைத் துடைத்தார்.

"இதுக்கும் பொட்டு வைக்கணும்" என்று பாட்டிலைத் தேடினார்.

"இரு. நான் ஒண்ணு கொண்டாந்திருக்கேன்" என்றார் மச்சான். பையிலிருந்து எடுத்தது தன் காரிலிருந்து கழற்றிய சிவப்பு 'எல்' பலகை. அதைப் பெட்டியின் மூடிமேல் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினார்.

"நான் வைக்கிற டெஸ்ட்ல நீ பாஸ் பண்ணாத்தான் கழட்டுவேன்."

மனைவி துணி மடிப்பதைப் பாதியில் நிறுத்திவிட்டுச் சிரித்தாள். லிஃப்ட்காரர் பலகையைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். கொஞ்சம் ஆடியது. குறடு ஒன்றை எடுத்துவந்து கம்பியை இன்னும் இரண்டு சுற்று சுற்றினார்.