சிலைக்கு ஆசைப்பட்ட பியோ கியூசிக்

குன்சான் துறைமுகத்தின் பின்தெருவில் நான் நடத்தும் கணினி விளையாட்டுக் கடையில், ஜன்னலோர மூலை இருக்கையில் பியோ கியூசிக்கைத் தவிர வேறு யாரும் உட்கார மாட்டார்கள். மரியாதையால் அல்ல. உட்கார்ந்தால் வந்து எழுப்பிவிடுவான். எழுப்பும்போது அவன் பேசுகிற பெருமையைக் கேட்பதற்குப் பதில், நின்றுகொண்டே விளையாடிவிட்டுப் போகலாம்.

நாற்பத்தைந்து வயது ஆள். எண் அழுத்தித் திறக்கும் கதவுப் பூட்டு விற்பது அவன் தொழில். பகலெல்லாம் அடுக்குமாடிகளில் ஏறி இறங்கி, பிறந்த தேதியைப் பூட்டுக்கு எண்ணாக வைக்காதீர்கள், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லாதீர்கள் என்று வீட்டுப் பெண்களுக்கு உபதேசம் செய்வான். பொழுது சாய்ந்ததும் என் கடைக்கு வந்து ‘ஏழு கோட்டை’ விளையாட்டுக்குள் நுழைவான். அங்கே அவன் பெரிய படை ஒன்றின் தலைவன். பெயர் கருஞ்சிறுத்தைப் பிரபு. அந்தப் பட்டத்தை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை, அவனே வைத்துக்கொண்டான்.

அவனுடைய கடவுச்சொல், அந்தப் பட்டமும் அவன் பிறந்த வருடமும். எனக்கு எப்படித் தெரியும் என்றால், தட்டும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தட்டுவான். என் கடையில் தரை துடைக்கிற அம்மாளுக்கும் அது மனப்பாடம்.

கைபேசிக்கு ஓர் எண் வந்து, அதையும் தட்டினால்தான் உள்ளே விடுகிற இரண்டாம் பூட்டு ஒன்று எல்லா விளையாட்டுகளிலும் உண்டு. அதைப் போட்டுவை என்று நானே பலமுறை சொல்லியிருக்கிறேன்.

“என் மேல கை வைக்க எவனுக்கு தைரியம் இருக்கு ஓனரம்மா? அதெல்லாம் பயந்தாங்கொள்ளிங்களுக்கு,” என்பான்.

உண்மைக் காரணம் பின்னால்தான் வெளியே வந்தது. பத்து வருடங்களுக்கு முன்பு, விளையாட்டுக்குள் கெட்ட வார்த்தை பேசியதற்காக அவன் பெயரை நிர்வாகம் நிரந்தரமாகத் தடை செய்துவிட்டது. அவன் வெட்கப்படவில்லை. தன் அக்கா ஓக்பூனின் அடையாள எண்ணைக் கொடுத்து, அவள் பெயரில் புதுக் கணக்குத் திறந்துகொண்டான். இரண்டாம் பூட்டைப் போட்டால் அந்த எண் அக்காவின் கைபேசிக்குப் போகும். அக்காவோ அவனோடு பேசுவதையே நிறுத்திவிட்டவள். அப்பாவின் நினைவு நாளன்று வீட்டில் படையல் வைத்து எல்லோரும் காத்திருக்க, இந்த மகன் இங்கே ஒரு கோட்டையை முற்றுகையிட்டுக்கொண்டிருந்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவனுக்கு ஒரு செய்தி வந்தது. ‘உங்கள் வீரத்தைப் பாராட்டித் தலைநகரச் சதுக்கத்தில் உங்களுக்குச் சிலை வைக்க முடிவு செய்திருக்கிறோம். கீழே உள்ள பக்கத்தில் கணக்கை உறுதி செய்யவும். இப்படிக்கு, நிர்வாகக் குழு.’ கடை முழுவதற்கும் கேட்கும்படி அதை இரண்டு தடவை படித்தான். ராமியோன் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தவர்களைக்கூட நிறுத்தச் சொல்லிக் கேட்க வைத்தான்.

அவன் படையின் உபதலைவன் தாக் இன்ஹோ, துறைமுகத்தில் சரக்கு வண்டி ஓட்டுகிறவன், பக்கத்து இருக்கையில் இருந்தான்.

“அண்ணே, நிர்வாகம் எதுக்கு கடவுச்சொல் கேக்குது? கணக்கே அவங்ககிட்டதானே இருக்கு?” என்றான்.

“உனக்கு சிலை வைக்கலன்னு உனக்கு வயித்தெரிச்சல்.”

அந்தப் பக்கத்தில், சிலை வாளை ஓங்கி நிற்க வேண்டுமா, குதிரை மேல் இருக்க வேண்டுமா என்று ஒரு கேள்வி வேறு. திருட்டுப்பயல் ஆளை நன்றாக எடை போட்டிருக்கிறான். கியூசிக் அதற்குத்தான் வெகுநேரம் யோசித்தான். கடைசியில் குதிரை என்று முடிவு செய்து, கடவுச்சொல்லைத் தட்டிவிட்டு, சிகரெட் பிடிக்க வெளியே போனான்.

திரும்பி வந்தபோது, வேறு இடத்திலிருந்து நுழைந்திருக்கிறீர்கள் என்று சொல்லித் திரை அவனை வெளியே தள்ளியிருந்தது. மறுபடி தட்டினான், கடவுச்சொல் தவறு என்றது. பிறகு நடந்ததை எல்லாம் இன்ஹோவின் திரையில் பார்த்தோம். பிரபு கோட்டை வாசலுக்கு நடந்து போய் எதிரிப் படைக்குக் கதவைத் திறந்துவிட்டார். வாளை எவனுக்கோ கொடுத்தார். கவசம், காலணி எல்லாவற்றையும் கழற்றிக் கொடுத்தார். பிறகு உள்ளாடையோடு தலைநகரச் சதுக்கத்துக்குப் போய் ஆட ஆரம்பித்தார். கூட்டம் கூடியது. சிலை வைப்பதாகச் சொன்ன இடம் அதுதான்.

படையே அவனைத் துரோகி என்று திட்டியது. அது நான் இல்லை, என் கணக்கு திருடு போய்விட்டது என்று இன்ஹோவின் வழியாக எழுதிப் பார்த்தான். ஒருவரும் நம்பவில்லை. என்னைத் தொட எவனாலும் முடியாது என்று வருடக்கணக்காக அவனே எல்லோரையும் நம்ப வைத்திருந்தானே.

நிர்வாகத்துக்குப் போன் செய்தான். கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரைப் பேசச் சொன்னார்கள். இந்த மனிதன் என் கடை நடுவில் நின்று, குரலை மெலிதாக்கி, “நான் பியோ ஓக்பூன் பேசறேங்க,” என்றான். மறுமுனையில் இருந்த பெண் சிரிக்காமல், அப்படியானால் உங்கள் பெயரில் உள்ள கைபேசிக்கு ஓர் எண் அனுப்புகிறோம், அதைச் சொல்லுங்கள் என்றாளாம். நாங்கள் யாரும் அவளைப் போல அடக்கிக்கொள்ளவில்லை.

வேறு வழியில்லாமல் சந்தைக்குக் கிளம்பினான். நான் ஓக்பூனிடம் கருவாடு வாங்குகிறவள். வாடிக்கைக்காரியின் முன்னால் அடிக்க மாட்டாள் என்ற கணக்கில் என்னையும் கெஞ்சி அழைத்துப் போனான். அவள் நாக்கு மீன் கருவாட்டைக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்தும் கை நிற்கவில்லை.

“அப்பாவுக்கு கும்பிடு போட நேரமில்லாத ராஜாவுக்கு, கருவாட்டுக் கடைக்கு வர நேரம் கெடைச்சுதா?”

அவன் திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னான். அக்கா பெயரில் கணக்கு என்ற இடம் வந்ததும் அவள் கயிற்றைக் கீழே வைத்தாள்.

“இத்தன வருஷம் என் பேர்ல ஊர் சுத்தியிருக்க. ஒரு வார்த்த கேட்டியாடா?”

“அவசரத்துல மறந்துட்டேன் அக்கா.”

“அப்ப நடுத்தெருவுல துணிய கழட்டிப் போட்டு ஆடினது யாரு? நான்தானே?”

பக்கத்துக் கடைக்காரிகள் நண்டை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

இருந்தாலும் ஓக்பூன் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து நிர்வாகத்தை அழைத்தாள். வந்த எண்ணை நிர்வாகத்தாரிடம் படித்துச் சொன்னாள். கணக்கு திரும்பி வந்தது. வாளும் கோட்டையும் வரவில்லை. இரண்டாம் பூட்டு போடுகிறீர்களா என்று மறுமுனைப் பெண் கேட்டாள். வேண்டாம் என்று தம்பி சைகை காட்டினான். ஓக்பூன் அவனைப் பார்த்துக்கொண்டே, போடுங்க என்றாள். என் பெயரில் எவன் என்ன செய்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றும் சொன்னாள்.

அன்றிலிருந்து அவன் விளையாட வேண்டுமானால் அக்காவுக்குப் போன் செய்ய வேண்டும். அவன் விளையாட வரும் மாலை, சந்தையில் கூட்டமான நேரம். அவள் எண்ணைச் சும்மா சொல்வதில்லை. சாப்பிட்டாயா, எத்தனை பூட்டு விற்றாய், தலைமுடியை ஏன் வெட்டவில்லை என்று விசாரித்து முடிப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும். மறுபடி போன் செய்வான். கடையே விளையாட்டை நிறுத்திவிட்டு அவன் போனில் பேசுவதைக் கேட்கும். “சரிக்கா, வெட்டிடறேன்க்கா.”

படை இன்ஹோவைத் தலைவனாக்கியது. பிரபுவை மறுபடி சேர்த்துக்கொண்டது, குதிரைக்குத் தீனி வைக்கிற வேலைக்கு. கவசம் இல்லாதவனுக்கு அதைத்தான் கொடுக்க முடியும்.

போன மாதம் ஓக்பூன் சந்தைப் பெண்களோடு ஜேஜு தீவுக்குச் சுற்றுலா போனாள், கைபேசியை அணைத்துவிட்டு. அவள் திரும்பும்வரை கியூசிக் தினமும் வந்து மூலை இருக்கையில் உட்கார்ந்து, இருட்டான திரைக்கு முன்னால் ராமியோன் சாப்பிட்டான். நடுநடுவே பக்கத்தில் விளையாடுகிறவர்களிடம், எப்படி ஆட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். யாரும் கேட்கவில்லை.