மிஞ்சிய ஒரு சிவப்புக் காய்

ஒரகடத்தில் எங்கள் அறையில் ஆளுக்கொரு ஷிப்ட். அதனால் போர்டு கேமுக்குப் புதிதாக வாங்கிய எக்ஸ்பான்ஷனை, அதாவது கூடுதல் காய்களும் விதிகளும் கொண்ட டப்பாவை, இன்று தனியாகவே ஆடினேன். முதல் ஆட்டத்திலேயே வெற்றி!

எடுத்து வைக்கும்போது பார்த்தால், டப்பாவுக்குள் ஆட்டத்துக்கு எடுக்காமலே ஒரு சிவப்புக் காய் கிடக்கிறது.

கார் அசெம்ப்ளி லைனில் வேலை பார்ப்பவன் நான். ஒரு போல்ட் மிஞ்சினால் நாங்கள் லைனையே நிறுத்துவோம். எதை விட்டுவிட்டேன்? அப்படியானால் ஜெயித்தது செல்லாதா?

எல்லாவற்றையும் மறுபடி பரப்பிச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, அறைத் தோழன் முருகேசன் ஷிப்ட் முடிந்து வந்தான். திருநெல்வேலிக்காரன். மிஞ்சிய காயைக் காட்டினேன்.

"ஏல, தொலைஞ்சா வச்சு ஆட ஒண்ணு எக்ஸ்ட்ரா குடுத்திருக்கான். பழைய டப்பாலயும் இப்படித்தான இருந்துச்சு? இது என்னல, காரா?"

அப்பாடா. வெற்றி செல்லும்.

தனியாக ஆடி ஜெயித்தாலும், இன்னொருவன் வந்து ஓகே சொன்னால்தான் நிம்மதி. எனக்கு மட்டும்தானா?