பித்தப்பையைப் படம் பிடித்த கதை

பரோட்டா மாஸ்டருக்கு வயிற்றுவலி என்றால், அந்தக் கடையில் சாப்பிடுகிறவர்களுக்கெல்லாம் வயிற்றில் புளி கரைக்கும். வலது விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சக நோயாளிகளே, எழுபதுகளில் தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற வழியில் கடை வைத்திருந்தபோது எனக்கும் அந்த வலி வந்தது. பித்தப்பையில் கல் இருக்கலாம் என்றார் டாக்டர். இருந்தால் ஆப்பரேஷன், அதன் பிறகும் எண்ணெய்ப் பண்டத்தை மறந்துவிட வேண்டும். சால்னாவை ருசி பார்க்க முடியாதவன் பரோட்டாக் கடை நடத்துவது எப்படி? பயந்துதான் போனேன்.

மூக்கால் பார்த்த ருசி

படம் எடுக்கும்வரை கொழுப்பே கூடாது என்று உத்தரவு. கரண்டியை மூக்குக்கு மட்டும் காட்டிவிட்டு உத்தேசமாக உப்புப் போட்டேன். ஒருநாள் தூக்கலாக இருந்தது, மறுநாள் உப்பே இல்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் சேவியர், பாதியில் இலையை மூடிவிட்டுக் கேட்டார்: "அண்ணாச்சி, சீக்கு ஒமக்கா, சால்னாவுக்கா?"

காணாமல் போன பை

எக்ஸ்ரேக்கு முந்தின நாள் சாயங்காலம் கொழுப்பில்லாத ஆகாரம், பிறகு மாத்திரைகள், அப்புறம் பச்சைத் தண்ணீர் மட்டும். மாத்திரையின் சத்து பித்தப்பையில் போய்ச் சேர்ந்தால்தான் அது படத்தில் தெரியுமாம். நெய், எண்ணெய், முட்டை, கறி, தேங்காய் எதுவும் கூடாது என்று என் மனைவி செல்லத்தாயிடம் ஒப்பித்தேன். அவளும் ஒன்றையும் சேர்க்கவில்லை. உளுந்தங்களி கிண்டி, நடுவில் குழி பறித்து, நல்லெண்ணெயை நிறைய ஊற்றித் தந்தாள். எனக்கும் அது தப்பாகப் படவில்லை. எங்கள் பக்கத்தில் அது இடுப்புக்குப் பலம், உடம்புக்குக் குளிர்ச்சி.

மறுநாள் படத்தில் விலா எலும்பு இருந்தது, பித்தப்பையைக் காணோம். என்ன தின்றேன் என்று துருவித் துருவிக் கேட்ட எக்ஸ்ரேக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். எண்ணெய் பட்டால் பை சுருங்கி மருந்தைத் தங்கவிடாதாம். வீட்டுக்கு வந்து சத்தம் போட்டேன். செல்லத்தாய் அசரவில்லை: "நல்லெண்ணெய யாரு எண்ணெயில சேத்தா? அது மருந்துல்லா!"

வைத்தியச் சாப்பாடு

அடுத்த வாரம் சீனி தொட்டு இட்லி மட்டும். இந்தத் தடவை பை படத்தில் விழுந்தது. அது ஒழுங்காகச் சுருங்குகிறதா என்று பார்க்கவேண்டும், கொழுப்பாக எதையாவது தின்றுவிட்டு வாரும் என்றார்கள். பக்கத்தில் இருந்த ஒரே கடை என் போட்டிக்காரர் தங்கராசுடையது. வெட்கத்தை விட்டு உள்ளே போய் இரண்டு ஆம்லெட், வெண்ணெய் தடவிய ரொட்டி, ஆடையோடு ஒரு தம்ளர் பால் கேட்டேன். முதல் வாயிலேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது. விஷயத்தைக் கேட்ட தங்கராசு மூன்றாவது ஆம்லெட்டைத் தானே கொண்டுவந்து வைத்தார்: "தின்னும் அண்ணாச்சி. படம் நல்லா வந்தா எங் கடைப் பேரையும் சொல்லும்!"

தீர்ப்பு

தின்றபின் எடுத்த படத்தையும் சேர்த்து டாக்டர் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கல் இல்லை, பையும் நன்றாகச் சுருங்குகிறது என்றார். பிறகு, எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர் என்று கேட்டார். கடை மூடினபிறகு மீந்ததை, என்றேன். அங்கேதான் கோளாறு. வயிறு புண்ணாகத் தொடங்கியிருந்தது. வேளாவேளைக்குச் சாப்பிட்டால் ஆறிவிடும், எண்ணெயும் அளவோடு சேர்க்கலாம் என்றார். அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் விளக்கு வைத்ததும் கூட்டம் மொய்க்கிற நேரத்தில், கரண்டியை வைத்துவிட்டு இலை போட்டு உட்கார்ந்தேன். வாசலில் தயங்கி நின்ற சுமை தூக்குகிறவர் ஒருவர் தன் கூட்டாளியைக் கூப்பிட்டார்: "ஏலே, அண்ணாச்சியே அவரு கடையில சாப்பிடுதாருலே! இனிப் பயமில்லாம உக்காரலாம்."

பித்தப்பையைத் தேடப் போய் நான் கண்டுபிடித்தது, ஊருக்கெல்லாம் பரிமாறுகிறவனுக்கும் ஒரு வயிறு உண்டு என்பதைத்தான்.