இடப்பக்கத்துப் பிரேக்

அண்ணி என்றால் என் கணவரின் அக்கா. எங்கள் ஊரில் கார் ஓட்டத் தெரிந்த பெண்களில் பாதிப் பேருக்கு அவர்தான் கற்றுக்கொடுத்தவர். ஆண்களிலும் நிறையப் பேர் உண்டு, வெளியே சொல்ல மாட்டார்கள். இருபத்து நான்கு வருடங்களாக டிரைவிங் ஸ்கூல் காரின் இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்திருக்கிறார். அந்தப் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் பொருத்தியிருக்கும். கற்றுக்கொள்பவர் தடுமாறினால் அண்ணி மிதித்து நிறுத்திவிடுவார். அதனால் அவருடைய வலது கால் செருப்பு மட்டும் முன்பக்கம் தேய்ந்துபோகும். வருடத்துக்கு மூன்று ஜோடி வாங்குவோம். இடது கால் செருப்புகள் புதுக்கருக்கு மாறாமல் அலமாரிக்கு அடியில் கிடக்கும்.

ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று யாராவது கேட்டால், "ஒருத்தர் ஓட்டுவார், நான் பக்கத்துல உக்காந்து பிரேக் போட்டுக்கிட்டே இருப்பேன். எத்தனை நாள் தாங்கும்?" என்பார். சும்மா சொல்வதில்லை. பஸ்ஸில் போனாலும் முன்சீட்டுக் கம்பியை உதைத்துக்கொண்டுதான் வருவார். டிவியில் கார் வேகமாகப் போனால் தரையை மிதிப்பார்.

காரைத் துடைப்பதும், யாருக்கு எத்தனை மணிக்கு வகுப்பு என்று நோட்டில் எழுதுவதும் என் வேலை. அப்படி எழுதிய பெயர்களில் ஒன்று, நடக்க முடியாத மகளைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு அம்மாவுடையது. மகளுக்குப் பதினொரு வயது. அவளைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டுத்தான் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். அவள் படிக்கும் பள்ளியில் அவளைப் போலவே முப்பத்திரண்டு பிள்ளைகள். பள்ளிக்கு வண்டி கிடையாது. தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

"பிள்ளை வளர வளர பள்ளிக்கூடம் தூரமாகிக்கிட்டே போவுது, டீச்சர்" என்றார் அந்த அம்மா ஒரு நாள். முதுகு வலி தாங்காமல் அடுத்த மாதம் அவர் வகுப்புக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு அண்ணி இரண்டு வாரம் சரியாகப் பேசவில்லை. மூன்றாவது வாரம் சாப்பிடும்போது சொன்னார், பள்ளிக்கு ஒரு வேன் வாங்கப் பணம் திரட்டப் போவதாக. எங்கள் டிரைவிங் ஸ்கூல் கார், எல் போர்டோடு, அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கலங்கரை விளக்கம் வரை போகும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஊரார் தர வேண்டும்.

"நீ ஓட்டுறியாக்கா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"நான் ஓட்டினா எவன் காசு கொடுப்பான்? கண்ணாடிக்காரர் ஓட்டுவார்."

என் வீட்டுக்காரருக்குப் புரை ஏறிவிட்டது. கண்ணாடிக்காரர் என்றால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அண்ணியிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் டெஸ்ட்டில் ஏழு தடவை தோற்றவர். ஐம்பத்து மூன்று வயது. பச்சை விளக்கு எரிந்தாலும் ஒரு தடவை நின்று பார்த்துவிட்டுத்தான் கிளம்புவார். ஊருக்கே கண்ணாடி மாட்டிவிடுகிறவர் வண்டிக் கண்ணாடியைப் பார்க்க மாட்டேன் என்கிறார் என்று டீக்கடையில் எல்லோரும் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் கூடச் சிரிப்பார்.

ஊரார் சிரித்துக்கொண்டே பெயர் கொடுத்தார்கள். வேனுக்குத் தேறிவிடும் போலிருந்தது. ஆனால் பிள்ளைகளைச் சக்கர நாற்காலியோடு மேலே ஏற்றும் லிஃப்ட்டின் விலை வேன் விலையில் பாதி. அது இல்லாவிட்டால் வேன் வந்தும் தூக்கித்தான் ஏற்ற வேண்டும். கடைக்குப் போய்க் கேட்டபோது ஜவுளிக்கடை முதலாளி அதற்கு முன்வந்தார். பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னால் அண்ணியிடம் கற்றுக்கொண்டவர். அண்ணி திடீரென்று மிதித்த பிரேக்கில் முன்கண்ணாடியில் முட்டிக்கொண்ட தழும்பு இன்னும் நெற்றியில் இருக்கிறது.

"லிஃப்ட் மொத்தமும் என் செலவு. ஆனா போய்ச் சேர்ற வரைக்கும் உங்க பக்கத்துப் பிரேக்கை ஒரு தடவைகூட மிதிக்கக் கூடாது, டீச்சர்."

"ஆபத்துன்னா?"

"ஆபத்துன்னா தாராளமா மிதிங்க. உயிரைவிட லிஃப்ட் பெருசா? ஆனா பந்தயம் தோத்தது தோத்ததுதான்." தழும்பைத் தடவிக்கொண்டார். "கொடுக்கிற காசுக்கு எனக்கும் ஒரு சுவாரசியம் வேணாமா?"

"மிதிச்சேனா இல்லையான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் கடை மூலையில் நின்றிருந்த என்னைக் காட்டினார். "உங்க தம்பி சம்சாரம் பின்சீட்ல வரட்டும். வாயைத் திறந்து நான் பாத்ததில்லை. திறந்தா பொய் வராதுன்னு நெனைக்கிறேன்."

அப்படித்தான் நான் போனேன். மடியில் நோட்டு, காலடியில் உண்டியல். காரின் பின்பக்கம், "ஓட்டுபவர் ஏழு முறை ஃபெயில். சிரித்துவிட்டு உண்டியலில் போடவும்" என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தது.

மணிக்கு நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. ஒரு நாளைக்கு நூற்றறுபது என்று கணக்கு. பெட்ரோல் பங்க்கிலும் டீக்கடையிலும் நிறுத்தும்போதெல்லாம் கூட்டம் கூடியது. ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, "அண்ணே, நீங்க முன்னாடி போங்க. நீங்க எங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சாத்தான் எங்களுக்கு நிம்மதி" என்று சொல்லி உண்டியலில் போட்டுவிட்டுப் போனார்.

காருக்குள் பேச்சு இப்படித்தான் போகும்:

"கண்ணாடியைப் பாருங்க."

"பாத்தேன், டீச்சர்."

"எப்போ?"

"இப்பதான்."

"நான் பாக்கலையே."

"நான்தானே பாக்கணும்?"

பின்சீட்டில் இருந்து எனக்கு இரண்டு பேருடைய கால்களும் தெரிந்தன. அண்ணி வலது பாதத்தைப் பிரேக்குக்குப் பக்கத்தில் தரையில் ஊன்றி வைத்திருந்தார். எதிரே ஒரு மாடு தலையைத் திருப்பினாலும் விரல்கள் மடங்கும். ஆனால் மிதிக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம் விடுதி அறையில் அவர் காலை வெந்நீர் வாளியில் வைத்தபோது தொட்டுப் பார்த்தேன். ஆடுசதை கட்டையாக இறுகிக் கிடந்தது.

"மிதிச்சாக்கூட இவ்வளவு வலிக்காதும்மா" என்றார்.

நான்காம் நாள் காலை. இன்னும் முப்பத்தெட்டு கிலோமீட்டர்தான். நேரான சாலை, ஆளரவம் இல்லை, காற்று மட்டும் பலமாக அடித்தது. தூரத்தில் சாலை ஓரம் வெள்ளையாக ஏதோ அசைந்தது. பக்கத்தில் வந்ததும் அது உருண்டு நடுச்சாலைக்கு வந்தது. கார் குலுங்கி நின்றது. என் காலடியில் இருந்த உண்டியல் முன்சீட்டில் போய் முட்டியது. எஞ்சின் அணைந்துவிட்டது.

அண்ணியின் கால் பிரேக்கின் மேல் இருந்தது.

வெள்ளைப் பொருள் எழும்பி, விரிந்து, வயல் பக்கம் பறந்தது. பிளாஸ்டிக் பை.

"ஏன் டீச்சர்?" என்று கேட்டார் கண்ணாடிக்காரர்.

"நாய்க்குட்டின்னு நெனச்சேன்."

"பைன்னு நான் அப்பவே பாத்துட்டேன்."

"நீங்க பிரேக்ல காலே வெக்கலையே!"

"வெச்சிருந்தேன்." இத்தனை வருடத்தில் அவர் குரல் இப்படி ஒலித்து நான் கேட்டதில்லை. "நாயா பையான்னு தெரியுற வரைக்கும் வெச்சிருந்தேன். தெரிஞ்சதும் எடுத்தேன். நீங்க என் காலைப் பாக்கவே இல்லை."

அண்ணி என் பக்கம் திரும்பினார். "அப்படியா?"

நான் தலையாட்டினேன். பார்த்திருந்தேன்.

அண்ணி பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். பிறகு கண்ணாடிக்காரர்தான் தணிந்த குரலில் ஆரம்பித்தார். "விடுங்க டீச்சர். இங்க நாம மூணு பேர்தான். ஒரு பிளாஸ்டிக் பைக்காக முப்பத்திரண்டு பிள்ளைங்க லிஃப்ட் இல்லாம இருக்கணுமா? முதலாளிகிட்ட இருக்கு, கொடுக்கட்டும்."

எனக்கும் அதுதான் தோன்றியது. பேனாவை மூடியே வைத்திருந்தேன். அந்த அம்மாவிடம் போய் என்ன சொல்வது? உண்மையைச் சொன்னோம், அதனால் லிஃப்ட் இல்லை என்றா? அதைக் கேட்டு அவர் முதுகு வலி குறையுமா? அண்ணி வயல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போயிற்று. அதிலிருந்து யாரோ கையசைத்தார்கள்.

"எழுதும்மா" என்றார். "மணி பத்தேகால். பிளாஸ்டிக் பை. மிதிச்சது நான்."

எழுதினேன். எழுத்து கோணிப்போயிற்று.

கலங்கரை விளக்கத்தடியில் இருபது முப்பது பேர் கைதட்டினார்கள். யாரோ புகைப்படம் எடுத்தார்கள். அதில் நாங்கள் மூவரும் ரயிலைத் தவறவிட்டவர்கள் மாதிரி நிற்கிறோம். கூட்டம் கலைந்ததும் அண்ணி ஜவுளிக்கடைக்குப் போன் செய்தார்.

"மிதிச்சிட்டேன்."

"எதுக்கு?"

"ஒரு பிளாஸ்டிக் பைக்கு."

அந்தப் பக்கத்துச் சிரிப்பு எனக்கே கேட்டது. "நான் சொன்னேனா இல்லையா? காலை வெட்டிப் பெட்டியில போட்டாலும் உங்க கால் பிரேக்கைத் தேடும் டீச்சர்!"

"சொன்னீங்க" என்றார் அண்ணி. போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "ஒண்ணு கேக்கணும். நாங்க வீட்டுக்குத் திரும்பி வரணுமில்ல. வர்ற வழியும் அதே அறுநூத்திப் பன்னண்டுதான். அதுக்கும் உங்க வாக்கு செல்லுமா?"

திரும்பும்போது அண்ணி தானே ஓட்டுவதாகத்தான் ஏற்பாடு. இரண்டே நாளில் வீடு சேர்ந்திருப்போம். என் துணிப்பையில் துவைத்த புடவை ஒன்றுகூட மிச்சம் இல்லை. அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

"இன்னும் நாலு நாளா?" என்றார் முதலாளி. "சரி, செல்லும். ஆனா இதுதான் கடைசி."

கண்ணாடிக்காரர் மதில்மேல் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணி விஷயத்தைச் சொன்னதும், "கடை நாலு நாளா பூட்டிக் கெடக்கு. ஊர்ல பாதிப் பேர் தட்டுத் தடுமாறி நடந்துக்கிட்டிருப்பாங்க" என்றார். பிறகு, "வரேன். ஆனா ஒரு கண்டிஷன். ரோட்டை நான் பாத்துக்கறேன். நீங்க என் காலைப் பாருங்க."

"ரோட்டைப் பாக்காம எப்படிய்யா இருக்கறது?"

"அதான் கண்டிஷன்."

அண்ணியால் அந்தக் கண்டிஷன்படி முழுதாக இருக்க முடியவில்லை. ரோட்டையும் பார்த்தார், காலையும் பார்த்தார். முதல் நாள் அவர் கழுத்து, கல்யாண வீட்டில் தன் செருப்பையும் பந்தி இடத்தையும் ஒரே சமயத்தில் கவனிக்கிறவர் கழுத்து மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது. ஆனால் சாயங்காலம் வாளியில் காலை வைத்துக்கொண்டு சொன்னார்: "இவர் கால் என் காலைவிட முன்னாடி போகுதும்மா. ஒவ்வொரு தடவையும்."

நான் வெந்நீர் ஊற்றினேன்.

"வகுப்புல நான் எப்பவும் அதுக்குள்ள மிதிச்சுடுவேன். எப்படியும் டீச்சர் மிதிச்சுடுவாங்கன்னு இவருக்குக் காத்திருந்தே பழகிப்போச்சோ என்னவோ. டெஸ்ட்ல பக்கத்துல உக்காந்திருக்கற இன்ஸ்பெக்டர் மிதிக்க மாட்டாரே." கொஞ்சம் யோசித்தார். "ஏழு தடவையும் அவரா தோத்தார், நானா?"

காலைத் துடைக்கத் துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் ஒரு சின்ன ஊருக்குள் போய்க்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் சைக்கிளில் தண்ணீர்க் கேன்களைக் கட்டிக்கொண்டு ஒருவர் போனார். கயிறு அவிழ்ந்து ஒரு கேன் விழ, சைக்கிள் சாய்ந்து, அவர் எங்கள் காருக்கு நேரே சாலையில் விழுந்தார். நான் நோட்டைப் போட்டுவிட்டு முன்சீட்டைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் கண்ணை மூடவில்லை. கண்ணாடிக்காரரின் கால் பிரேக்குக்குப் போனது. அண்ணியின் கால் தரையிலிருந்து எழும்பியது. எழும்பி, பிரேக்குக்கு மேல் ஒரு சாண் உயரத்தில், அப்படியே நின்றது. அண்ணி பார்த்துக்கொண்டிருந்தது சாலையை அல்ல, கண்ணாடிக்காரரின் காலை.

கார் நின்றது. விழுந்தவருக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம்.

அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். அண்ணி இறங்கிக் கேன்களைப் பொறுக்கிக் கொடுத்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் காரின் கதவைக்கூடச் சாத்தவில்லை.

"ஒருவேளை இவர் மிதிக்காம இருந்திருந்தா?" என்று கேட்டார். எங்களைக் கேட்ட மாதிரி இல்லை.

"மிதிச்சிருப்பீங்க" என்றார் கண்ணாடிக்காரர். "நானும் உங்க காலைப் பாத்தேன்."

"நீங்க ரோட்டைப் பாருங்கய்யா!" என்று கத்தினார் அண்ணி.

ஊர் வந்து நேராக ஜவுளிக்கடைக்குப் போனபோது முதலாளி வாசலுக்கே வந்துவிட்டார். அண்ணியைக் கேட்கவில்லை, நேராக என்னிடம் வந்தார்.

"என்னம்மா சாட்சி, வரும்போது மிதிச்சாங்களா?"

கடையில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். "இல்லை" என்று சொன்னேன். காற்றுதான் வந்தது. திரும்பவும், "இல்லைங்க" என்றேன்.

அவர் நோட்டை வாங்கினார். வரும்போது எழுதிய பக்கங்களைப் பார்ப்பார் என்று நினைத்தேன். பார்க்கவில்லை. முன்னால் புரட்டி, போகும்போது நான்காம் நாள் எழுதியதைத் தேடி எடுத்தார். என் கோணல் எழுத்தை ஒரு விரலை வைத்து மெதுவாகப் படித்தார். பத்தேகால். பை. மிதித்தது அண்ணி.

"இதை மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

நான் இல்லை என்று தலையாட்டினேன்.

நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். "இதை எழுதினவங்க இல்லைன்னு சொன்னா, அப்புறம் இல்லைதான்." கல்லாவில் இருந்தவரைப் பார்த்து, "அந்த லிஃப்ட் கம்பெனிக்குப் போன் போடு" என்றார்.

அண்ணி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கால்களையும் முன்னால் நீட்டிக்கொண்டார். கண்ணாடிக்காரர் காரைக் கொஞ்சம் ஓரமாக நிறுத்துவதாகச் சொல்லிச் சாவியைக் கேட்டார்.

"தனியாவா?" என்று பதறினார் முதலாளி. "டீச்சர், கூடப் போங்க! கடைக் கதவு முழுக்கக் கண்ணாடி!"

அண்ணி எழுந்தார். லைசென்ஸ் வாங்காதவரைத் தனியே விடக் கூடாது என்பது சட்டம். அதனால் போய் இடப்பக்கத்தில் உட்கார்ந்தார். நான் வாசலில் நின்று பார்த்தேன். கண்ணாடிக்காரர் மூன்று தடவை முன்னும் பின்னும் எடுத்து, நடைபாதையை ஒட்டி நிறுத்தினார். கார் கொஞ்சம் கோணலாகத்தான் நின்றது. அப்படியே இருக்கட்டும் என்று அண்ணி கதவைத் திறந்து இறங்கிவிட்டார்.